இழுப்பறையின் ஓசை

ஓசைக்குப் பொருள் உண்டு என்று நம்பி வாழ்ந்தவன் நான். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவனுக்கு அந்த நம்பிக்கை தொழில்வழி வந்தது. ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே அதில் வெடிப்பு உண்டா இல்லையா எனச் சொல்லும் மூத்த தொழிலாளர்களிடம் பயின்றவன் நான். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். வெடித்த இரும்பு ஓட்டைப் பானைபோல் முனகும். "காது பொய் சொல்லாதுடா தம்பி" என்பார் எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர். அவர் சொல்லை வேதவாக்காகக் கொண்டேன். சக்கரத்துக்குப் பொருந்திய அவ்விதி மனிதர்க்கும் பொருந்தும் என எண்ணியதே என் பிழை என்பதை எழுபதை நெருங்கும் வயதில், ஒரு சமையலறை இழுப்பறையின் முன் மண்டியிட்டு அமர்ந்தபோதுதான் கற்றுக்கொண்டேன்.

என் மனைவி இறைவனடி சேர்ந்த பின், பொன்மலைப்பட்டியில் இருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய அடுக்ககம் ஒன்றில் குடியிருக்கும் மகனோடு வந்து சேர்ந்தேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த அத்தீவின் விடியற்காலைக்கு ஒரு தனி அமைதி உண்டு. 1987இல் முழுமை பெற்ற 236 அடி உயர இராஜகோபுரம் இருளில் மெல்லத் துலங்கும். காவிரிக்குக் குளிக்கப் போவோரின் காலடி ஓசை கேட்கும். பால்காரரின் மிதிவண்டி மணி கேட்கும். அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து எழும் ஓசை ஒன்று உண்டு. 'டம்' என்று ஒரு முழக்கம். அடுத்து, உள்ளே இருக்கும் கரண்டிகளும் தட்டுகளும் ஒன்றோடொன்று மோதும் சலசலப்பு. இழுப்பறையை மூடுகிறாள் என் மருமகள்.

அவள் ஆசிரியை. ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவள். அதற்குள் காலை உணவும், மூவருக்கு மதிய உணவும், எனக்குச் சர்க்கரை இல்லாத காபியும் ஆக வேண்டும். இவையெல்லாம் அறிவுக்குத் தெரியும். ஆனால் காலையில் கட்டிலில் கிடந்தபடி அந்த ஓசையைக் கேட்கும்போது என் மனம் வேறு கணக்கு எழுதியது. முதல் முழக்கம்: 'கிழவர் விழித்துவிட்டார்.' இரண்டாவது: 'இவருக்குத் தனியாக ஒரு காபி.' மூன்றாவது: 'இன்னும் எத்தனை நாளைக்கு?' அவள் வாய் திறந்து ஒரு கடுஞ்சொல்லும் சொன்னதில்லை. சொல்லாததனாலேயே இழுப்பறை சொல்கிறது என்று நான் முடிவு கட்டினேன்.

ஒரு நாள் காபியில் சூடு போதவில்லை என்றேன். "சரிங்க மாமா" என்று வாங்கிக்கொண்டு உள்ளே சென்றாள். அடுத்த நொடி, இதுவரை கேட்டிராத வேகத்தில் 'டம்'. அன்று முதல் மூன்று நாள் அவளோடு நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. இடையில் அகப்பட்ட என் மகன், "என்னப்பா ஆச்சு?" என்று என்னிடமும், "என்ன ஆச்சு?" என்று அவளிடமும் கேட்டு, இருவரிடமும் 'ஒன்றுமில்லை' என்ற ஒரே மறுமொழியைப் பெற்றுக்கொண்டு அலுவலகம் போனான். பொன்மலைப்பட்டி வீட்டில் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டு அங்கேயே திரும்பிவிடலாமா என்று நான் எண்ணத் தொடங்கியது அந்நாள்களில்தான். எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி ஒருத்தி மட்டும் அந்த வீட்டில் எல்லாரோடும் பேசிக்கொண்டிருந்தாள்.

இந்நிலையில், கீழ்த்தளத்தில் குடியிருப்பவர் ஒரு மாலை வந்து கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற பேராசிரியர், மிகுந்த பண்பாளர். "தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது சார்" என்று தொடங்கித் தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னார். அவருடைய தாயார் எண்பதைக் கடந்தவர். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். இரவெல்லாம் வலியோடு விழித்திருந்து விடியற்காலையில்தான் கண்ணயர்கிறார். அந்நேரம் பார்த்து மேலே எழும் ஓசை, சுவர் வழியே இறங்கி அவர் தலைமாட்டில் இடிக்கிறது. தூக்கிவாரிப்போட்டு விழித்துக்கொள்கிறார்.

என் மருமகள் முகம் சிவந்து போனாள். அவர் சென்ற பின் என்னைப் பார்த்து, "நான் மெதுவாத்தான் தள்ளுறேன் மாமா. அதுவே போய் இடிக்குது" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நம்பவும் இல்லை. பொருளுக்குக் கை கால் முளைத்தா தானே போய் இடிக்கும் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேன். ஆயினும் கீழே வலியோடு படுத்திருக்கும் அம்மையாரின் பொருட்டு ஏதேனும் செய்ய வேண்டும். சமையலறையைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அமைத்துத் தந்த தச்சர் இப்போது ஊரில் இல்லை. வேறொருவரை அழைத்துக் கேட்டதில், அனைத்தையும் பிரித்துவிட்டுப் புதிதாகச் செய்வதே நல்லது என்று சொல்லி, எங்கள் சக்திக்கு மீறிய ஒரு தொகையையும் சொன்னார். "இருக்கிற இழுப்பறையிலேயே மெதுவாக மூடுவதற்கு ஒரு கருவியைப் பொருத்த முடியாதா?" என்றேன். "முடியும். ஆனா அது நுணுக்கமான வேலை. நாலு இழுப்பறைக்காக யார் வந்து உட்காருவாங்க?" என்றார். நான் உட்காருவேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். வேலையற்றிருக்கும் கைகளுக்கு ஒரு வேலை கிடைத்ததில் மகிழ்ச்சிதான். மருமகளின் கோபத்தை நானே அடக்கிக் காட்டுகிறேன் என்ற செருக்கும் அதில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மறுநாள் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறித் திருச்சிக்குச் சென்றேன். அறைகலன்களுக்கான சாமான்கள் விற்கும் கடையொன்றில், பொறுமையான ஓர் இளைஞர் வகைகளை எடுத்து மேசைமேல் பரப்பிக் காட்டினார். மிகவும் மலிவானது, ஒட்டிவிடும் ரப்பர் பொட்டு. அது ஓசையைச் சற்று மழுக்குமே ஒழிய வேகத்தைக் குறைக்காது. அடுத்தது, விரல் பருமனுள்ள சிறிய உருளை. கூட்டின் உள்ளே பொருத்தினால், இழுப்பறை கடைசியாக வந்து அதன் முனையை அழுத்தும். அது மெல்ல உள்வாங்கும். வேகம் குறையும்; ஆனால் இழுத்து மூடாது. ஆகையால் சில வேளை இழுப்பறை ஒரு நூலளவு திறந்தே நிற்கும். மூன்றாவதில் சுருள்வில்லும் உருளையும் சேர்ந்திருக்கும். இழுப்பறையின் பக்கப் பலகையில் ஒரு சிறு கொக்கியைத் திருகிவிட வேண்டும். மூடும்போது கடைசி இரண்டு அங்குலத்தில் கருவி அக்கொக்கியைப் பற்றிக்கொள்ளும்; வில் உள்ளே இழுக்கும், உருளை 'மெதுவாக, மெதுவாக' என்று பிடித்து நிறுத்தும். நான்காவது வழி, பக்கத்தில் ஓடும் சேனலையே கழற்றிவிட்டு, மென்மூடு அமைப்புள்ள புதிய சேனலைப் பொருத்துவது. சாதாரண சேனல்கள் பெரும்பாலும் அரை அங்குலத் தடிப்பில் வருவதால் அளவு ஒத்துப்போனால் அதுவும் எளிதே. எங்கள் வீட்டுச் சேனல்கள் இன்னும் நன்றாக ஓடுவதால் மூன்றாவது வகையை வாங்கினேன். மூன்று இழுப்பறைகளுக்கு ஒவ்வொன்று. பாத்திரங்கள் வைக்கும் அகலமான இழுப்பறைக்கு மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு.

அந்த உருளையைக் கையில் வாங்கி விரலால் அழுத்தியதும் எனக்குச் சிலிர்த்தது. பல்லாண்டு கழித்துப் பழைய நண்பனைக் கண்ட உணர்வு. இது எங்கள் 'டாஷ்பாட்' அல்லவா!

வாசகர்க்கு இதனைச் சற்றே விளக்க வேண்டும். சென்னைப் பெரம்பூரில் 1955இல் தொடங்கப்பெற்ற இரயில் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நாட்டு வடிவமைப்பைத் தழுவிப் பல்லாயிரம் பெட்டிகளைக் கட்டியது. பழுது பார்ப்பதற்காக அப்பெட்டிகள் பொன்மலைக்கு வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் எட்டுச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சுப் பெட்டிக்கும் இரு புறத்திலும் சுருள்வில். அவ்வில்லின் நடுவே எண்ணெய் நிரம்பிய ஓர் உருளை. அதற்குள் ஏறி இறங்கும் ஒரு தண்டு. ஆக, ஒரு பெட்டிக்குப் பதினாறு டாஷ்பாட்டுகள். தண்டவாள இணைப்பில் சக்கரம் துள்ளும்போது, தண்டு எண்ணெயை அழுத்தும்; எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கி வெளியேறும். அப்படிப் பிதுங்குவதில் துள்ளலின் வலிமை தேய்ந்து, சிறிதளவு வெப்பமாகிக் கரைந்துபோகும். உள்ளே உறங்கும் பயணிக்கு அதிர்ச்சி எட்டாது.

வில் மட்டும் இருந்தால் போதாதா என்று பணிக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டதுண்டு. தொழில் சொல்லித்தந்தவர் சொன்னார்: "வில்லு வாங்கின அடியை வச்சுக்காது; திருப்பிக் கொடுத்துடும். வண்டி குதிச்சுக்கிட்டே போகும். எண்ணெய்தான் வாங்கினதைத் தனக்குள்ளேயே முடிச்சுக்கும்." வில்லும் வேண்டும், எண்ணெயும் வேண்டும்; வில் பாரத்தைத் தாங்கும், எண்ணெய் அடியை விழுங்கும். எண்ணெய்க்கு மற்றொரு குணமும் உண்டு. மெல்லத் தள்ளினால் வழிவிடும். வேகமாகத் தள்ளினால் அவ்வளவுக்கு எதிர்த்து நிற்கும். இழுப்பறைக்கு வரும் உருளையிலும் இதே தத்துவந்தான். பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய். வெயிலிலும் குளிரிலும் மற்ற எண்ணெய்கள் இளகவும் இறுகவும் செய்வதுபோல் அது அவ்வளவாக மாறாது.

ஓசையை அடக்கும் இந்த ஏற்பாட்டின் வரலாற்றில் நம் போன்றோர் புன்னகையோடு கேட்கத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1877இல் அபிஷேகம் செய்யப்பெற்ற டிரினிட்டி ஆலயத்தில், காற்றில் கதவுகள் அறைந்து வழிபாட்டைக் குலைத்தன. அதைத் தடுக்க லூயிஸ் நார்ட்டன் என்பவர் கதவை மெல்ல மூடச்செய்யும் ஓர் அமைப்பை உருவாக்கினார். இன்று அலுவலகக் கதவுகளில் காணும் கதவடைப்பான்களின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று என்று அத்தொழிலில் சொல்லப்படுகிறது. மறையுரையின் நடுவே பின்கதவு அறைவதைக் கேட்டுப் பழகிய எவர்க்கும் அவர்மேல் மதிப்பு உண்டாகும். சமையலறைக்கு இது வந்து சேர அதன்பின் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆஸ்திரிய நாட்டில் யூலியுஸ் ப்ளூம் என்பவர் 1952இல் தொடங்கிய பட்டறை முதலில் செய்தது குதிரை லாடத்தில் பொருத்தும் இரும்புக் குமிழ். அவர் பெயரால் வளர்ந்த நிறுவனமே 2001இல் இழுப்பறைகளுக்கான மென்மூடு அமைப்பை வெளியிட்டது. குதிரைக் குளம்படியில் தொடங்கிய தொழில் ஓசையற்ற இழுப்பறையில் வந்து நின்றது வியப்புத்தான்.

ஒரு சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். முதலில் பாத்திர இழுப்பறை. பாத்திரங்களை எடுத்துக் கீழே அடுக்கினேன். கருவியைப் பொருத்துமுன் மட்டம் பார்ப்பது தொழிலாளியின் பழக்கம். ரசமட்டத்தைச் சேனலின்மேல் வைத்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை. முன்பக்கம் நோக்கி ஓடி ஒட்டிக்கொண்டது. மீண்டும் வைத்தேன், மீண்டும் ஓடியது. அளவுகோலை எடுத்து அளந்தேன். முன்முனையை விடப் பின்முனை எட்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. மறுபுறச் சேனலும் அவ்வாறே. பக்கத்திலுள்ள கழுவு தொட்டியின் ஈரம் ஆண்டுக்கணக்கில் ஊறி, பின்புறத்துப் பலகை உப்பிப் பொருபொருத்திருந்தது. அங்கிருந்த திருகாணிகள் பிடிப்பு விட்டுக் கீழே இறங்கியிருந்தன. முகப்புப் பலகையின் மேல்விளிம்பு சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருந்ததை நாள்தோறும் பார்த்தும் நான் கவனித்ததில்லை.

ஒரு சந்தேகம் தோன்றிற்று. பாத்திரங்களை மீண்டும் உள்ளே அடுக்கினேன். இழுப்பறையைப் பாதியளவு வெளியே இழுத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

ஒரு கணம் அது நின்றது. பின் தானாக நகரத் தொடங்கியது. மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, பத்துப் பன்னிரண்டு கிலோ எடையோடு போய்க் கூட்டில் மோதியது.

'டம்.'

அதைத் தள்ளிய கை எவருடையதும் அன்று. கோபமும் எவருடையதும் அன்று. ஓடுகின்ற பொருளின் வேகம் இருமடங்கானால் அது மோதும் வலிமை நான்கு மடங்காகும் என்பதைப் பயிற்சிப் பள்ளியில் படித்தவன் நான். சரிவில் தானாக ஓடும் இழுப்பறையை ஒருத்தி விரலால் தொட்டாலே போதும். அது அறையத்தான் செய்யும். 'அதுவே போய் இடிக்குது' என்று அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. இரண்டு ஆண்டுகளாக, விடியற்காலை தோறும், எட்டு மில்லிமீட்டர் சரிவை ஒரு பெண்ணின் குணமென்று நான் படித்துக்கொண்டிருந்தேன். ரசமட்டம் என் பெட்டியில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஓசை கேட்டு ஓடி வந்தாள் மருமகள். தரையில் அமர்ந்திருந்த என்னையும், ரசமட்டத்தையும், இழுப்பறையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, இதைப் பார்" என்று மறுபடியும் பாதி திறந்து கையை விட்டேன். மீண்டும் 'டம்'. அவள் கண்களில் நீர் முட்டியது. "சொன்னேனே மாமா" என்றாள். அவ்வளவுதான்.

"சொன்னாய். நான்தான் கேட்கவில்லை" என்றேன். எழுபது வயதில் அத்தனை எளிய சொற்களைச் சொல்வதற்கு எனக்குத் தொண்டை அடைத்தது.

அதன்பின் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் அவளும் அமர்ந்தாள். தேக்குத் துண்டைச் சீவிக் குச்சிகளாக்கி, பசை தடவிப் பழைய துளைகளில் இறுக அடித்தோம். உப்பிய பகுதியை விலக்கி, நல்ல பலகை உள்ள இடத்தில் புதுத் துளையிட்டுப் பின்முனையை உயர்த்தினோம். குமிழி நடுவில் வந்து நின்றது. கழுவு தொட்டிக்குக் கீழிருந்த கசிவை அடைத்தோம். கருவியைப் பொருத்துவதற்கு முன்பே ஓசையில் பாதி குறைந்துவிட்டது.

கருவியைப் பொருத்துவதும் தச்சர் எச்சரித்தது போலவே நுணுக்கமாகத்தான் இருந்தது. முதல் இழுப்பறையில் கொக்கியை மூன்று மில்லிமீட்டர் பின்தள்ளி வைத்துவிட்டேன். கருவி அதைப் பற்றாமல், வில் வெறுமனே சொடுக்கி உள்ளே போய்விட்டது. அழுத்தி மூடி அதை மீண்டும் ஆயத்த நிலைக்குக் கொண்டுவந்து, கொக்கியின் நீள்துளையில் திருகாணியைத் தளர்த்தி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். வில்லின் இழுப்பும் உருளையின் தடையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் அந்த மூன்று மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. நான்காவது முயற்சியில் இழுப்பறை வந்தது, தயங்கியது, ஒரு பெருமூச்சு விடுவதுபோல் உள்ளே சென்று அடங்கியது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

கைகள் வேலையில் இருக்கும்போது வாய் எளிதில் திறக்கிறது. மூன்றாவது இழுப்பறையில் திருப்புளியை நான் சுழற்றிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "மாமா, ஒன்று கேட்டால் வருத்தப்பட மாட்டீர்களே?"

"கேளம்மா."

"என் காபி உங்களுக்குப் பிடிக்கவில்லையா? தினமும் குடித்து முடித்ததும் டம்ளரை மேசைமேல் 'ணங்' என்று வைக்கிறீர்களே. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. இன்றைக்கு என்ன குறையோ என்று நினைத்துக்கொள்வேன்."

நான் திருப்புளியைக் கீழே வைத்தேன். டம்ளரை ஓசையோடு வைக்கிறேனா? எனக்கு அப்படியொரு ஓசை கேட்டதே இல்லை. பேத்தியை அழைத்துக் கேட்டேன். "ஆமாம் தாத்தா, தினமும். நான் அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பேன்" என்றாள் அவள்.

அடுத்த வாரம் மருமகளே என்னைத் திருச்சியிலுள்ள காது மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றாள். பெரும் இரைச்சலில் பல்லாண்டு வேலை செய்தவர்களுக்கு முதலில் மங்குவது உச்ச சுருதி ஓசைகள்தாம் என்று அவர் விளக்கினார். தாழ்ந்த ஓசைகள் நன்றாகவே கேட்கும்; மணியோசை, பறவைகளின் கீச்சொலி, பாத்திரத்தின் கணீரொலி ஆகியவை தேயும். சுவர் அதிர எழும் இழுப்பறையின் 'டம்' எனக்கு முழுமையாகக் கேட்டது; என் கையிலுள்ள எவர்சில்வர் டம்ளரின் 'ணங்' எனக்குக் கேட்கவே இல்லை. விரல்களில் பிடிமானமும் குறைந்துவிட்டது. டம்ளரை வைக்கும்போது கடைசி அங்குலத்தில் அது கைவிட்டு விழுகிறது. அதுவும் ஒரு சரிவுதான். ஆக, அவளுடைய ஓசையைக் கோபமென்று நான் படித்தேன். என்னுடைய ஓசையைக் கோபமென்று அவள் படித்தாள். இருவரும் அச்சத்தோடு காபியைக் கொடுத்தும் வாங்கியும் வந்தோம். காது பொய் சொல்லாது என்றாரே என் ஆசான்? காது பொய் சொல்லவில்லை. அது கேட்டதை மட்டும் சொன்னது. அதற்குப் பொருள் எழுதியது நான்.

அன்றிரவு எனக்கு என் மனைவியின் நினைவு மிகுதியாக வந்தது. முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் அவள் ஒரு சொல் சொன்னால் நான் இரு சொல் சொல்லியிருக்கிறேன். பணிமனையில் மேலதிகாரியிடம் வாங்கியதை மாலையில் வீட்டில் திருப்பிக் கொடுத்த நாள்களும் உண்டு. நான் வில்லாகவே இருந்திருக்கிறேன். அவள்தான் எண்ணெயாக இருந்தாள். வாங்கிய அடிகளைத் தனக்குள்ளேயே கரைத்துக்கொண்டாள்; அதனால் வண்டி குதிக்காமல் ஓடியது. உறங்கும் பயணிக்கு டாஷ்பாட் இருப்பது தெரியாததுபோல், எனக்கும் அது தெரியவில்லை. எண்ணெய் கரைத்துக்கொள்ளும்போது சூடாகிறது என்பதை நான் அறிந்திருந்தேன். அறிந்தும் ஒரு நாள்கூட அவளைக் கேட்டதில்லை.

இதனால் ஒருவர் எப்போதும் அடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பொன்மலையில் டாஷ்பாட்டின் எண்ணெய் அளவைச் சோதித்து, குறைந்தால் நிரப்புவதும் எங்கள் வேலையாக இருந்தது. நிரப்பாமல் விட்டால் எவ்வளவு நல்ல வண்டியும் ஒரு நாள் துள்ளத் தொடங்கும். பணிமனையில் பெட்டி பெட்டியாகப் பார்த்த அந்த வேலையை வீட்டில் நான் ஒருமுறையும் செய்ததில்லை என்பதே இப்போது என் வருத்தம்.

இழுப்பறைகள் நான்கும் இன்று ஓசையின்றி மூடுகின்றன. பழக்கமாவதற்கு எங்களுக்கே சில நாள்கள் ஆயின. கடைசி இரண்டு அங்குலத்தில் நாம் தள்ளக் கூடாது. கருவியின் போக்கில் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் உருளை நாளடைவில் கெட்டுவிடும் என்று கடைக்கார இளைஞர் சொல்லியிருந்தார். மருமகள் முதலில் கற்றுக்கொண்டாள், பேத்தி அடுத்து, என் மகன் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

சென்ற மாதம் ஒரு காலையில் மருமகள் சமையலறையிலிருந்து நேரே என்னிடம் வந்து நின்றாள். முகத்தில் உண்மையான கோபம். முந்தின நாள் அவளைக் கேட்காமலே என் உறவினர் நால்வரை மதிய உணவுக்கு அழைத்துவிட்டிருந்தேன். "முன்கூட்டியே சொல்லக் கூடாதா மாமா? நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்ல வேண்டாமா?" என்றாள். நான் திடுக்கிட்டு, "தவறுதான் அம்மா" என்றேன். அவள் சற்று நின்றுவிட்டுச் சிரித்தாள். "இழுப்பறையும் இப்போது உதவாது மாமா. கோபம் வந்தால் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது" என்றாள்.

நான்கு உறவினரையும் தொலைபேசியில் அழைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அன்று காய்கறி நறுக்கியது நான்.

கடையில் வாங்கிய ரப்பர் பொட்டுகளில் ஓர் அட்டை மிஞ்சியிருந்தது. அவற்றுள் நான்கை ஒரு சிறு மரப்பலகையின்கீழ் ஒட்டி, மேலே பழைய கம்பளித் துண்டொன்றை ஒட்டி, உணவு மேசையில் நான் அமரும் இடத்தில் வைத்திருக்கிறேன். காபி குடித்து முடித்ததும் டம்ளரை அதன்மேல் வைக்கிறேன். எனக்குக் கேட்காத அந்த ஓசை இப்போது அவளுக்கும் கேட்பதில்லை என்கிறாள்.

கீழ்வீட்டுப் பேராசிரியரை நேற்றுப் படிக்கட்டில் சந்தித்தேன். தாயார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "வலி இருக்கிறது சார். ஆனால் காலையில் ஆறரை வரை தூங்குகிறார்" என்றார்.